மத்தி எண்ணெய் பூசிய கார்

என் தம்பி மரியஜான் விட்டுப்போன சொத்து இரண்டு. ஒன்று, முட்டத்தில் கலங்கரை விளக்குக்குப் போகும் சாலையில் எட்டு சென்ட் நிலமும் அதில் கட்டிய வீடும். மற்றொன்று, அந்த வீட்டின் தெற்குப் பக்கம் தகரக் கொட்டகையில் நிற்கும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். வீடு மகன் சிஜோவுக்கு, கார் மகள் பிரிஜாவுக்கு என்று அவன் 2008-ல் உயில் எழுதிப் பதிந்து வைத்திருந்தான். 'என் அண்ணன் சிலுவைதாசன் கூறிய விலைப்படி இரண்டும் சமம்' என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த அண்ணன் நான். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

தம்பி இறந்து ஐந்து வருடமாகியும் அந்த உயிலை யாரும் வெளியே எடுக்கவில்லை. அவன் மனைவி படுக்கையில் கிடந்தாள். பிரிஜா தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்த வீட்டிலேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷன் கொச்சியிலிருந்து ஆழ்கடல் விசைப்படகில் போகிறவன். போனால் கரைக்கு வர நாற்பது நாள் ஆகும். போன தவக்காலத்தில் தம்பி மனைவியும் போய்ச் சேர்ந்தாள். வருடம் திரும்பியதும் சிஜோ தோகாவிலிருந்து இருபது நாள் விடுப்பில் வந்தான். வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி வைத்துக் கட்டப் போவதாகவும், ஜூன் கடைசிக்குள் அக்கா மாறிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவன் அனுப்பியதுதான்.

ஆகவே பிரிஜாவுக்கு மிஞ்சியது அந்தக் கார். அதை விற்றால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்குமேல் ஒரு கூரை கிடைக்குமா கிடைக்காதா என்பதே எங்கள் முன்னால் நின்ற கேள்வி.

அதற்காகத்தான் மார்த்தாண்டத்திலிருந்து பெனிஷை வரவழைத்தாள். பழைய கார்களுக்கு விலை மதித்துக் கொடுப்பது அவன் தொழில். வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை, மதித்துச் சொல்வதற்கு மட்டும் கூலி. நாற்பது வயதிருக்கும். ஒரு சாக்கு, ஒரு டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம், கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடி, இவ்வளவுதான் அவன் கொண்டுவந்தது. வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக நான் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுபத்தொன்பது வயதில் காலை எட்டு மணிக்கே எனக்கு அசதியாக இருந்தது.

"பாட்டா, வண்டிக்க கடலாசு எல்லாம் இருக்கா?" என்று கேட்டான்.

பிரிஜா பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆர்.சி. புத்தகம், கொச்சித் துறைமுகத்தில் சுங்கத் தீர்வை கட்டிய ரசீது, பஹ்ரைனில் வண்டியை வாங்கிய பில் எல்லாம் அதில் இருந்தன. பெனிஷ் ஒவ்வொன்றையும் விரித்துப் படித்தான். 1987-ல் செய்த வண்டி, 1994-ல் இங்கே பதிவு, 2009-ல் பதிவுக் காலம் முடிவு. பிறகு புதுப்பிக்கவில்லை.

"கடலாசு கொள்ளாம்" என்றான். "முக்காவாசி வண்டி இங்கதான் விழும். இது விழல்ல."

வண்டியை மூடியிருந்த தார்ப்பாயைப் பிரிஜா இழுத்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவள் அதன் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து வைப்பதுண்டு. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, விசையைத் தட்டினால் இமை திறப்பதுபோல் மேலே எழும் முகவிளக்குகள், இடப்பக்கம் ஸ்டியரிங். தம்பி அதை ஊருக்குள் ஓட்டிவந்த முதல் நாள், பெண்கள் மீன் கழுவுவதை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். ஆளே இல்லாமல் வண்டி வருகிறது என்று ஒருத்தி கத்தினாள். வலப்பக்க இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்து.

பெனிஷ் வண்டியைத் தொடவில்லை. முதலில் சுற்றி இரண்டு தடவை நடந்தான். குனிந்து, பக்கவாட்டில் வெளிச்சம் வழுக்குவதைப் பார்த்தான். அப்போதே எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது. நானும் கூடையைத் தூக்கிப் பார்க்குமுன் இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறவன்தான்.

நான் முட்டம் கரையில் நாற்பத்தொரு வருடம் மீன் ஏலம் கூறியவன். வள்ளம் கரையேறி மீன் கூடைக்கு வந்ததும், அது எத்தனை கிலோ, எத்தனை மணிநேரத்து மீன், கோட்டாற்றுச் சந்தைக்குப் போனால் என்ன போகும், ஐஸ் போட்டுக் கேரளத்துக்குப் போனால் என்ன போகும் என்று ஒரு பார்வையில் சொல்ல வேண்டும். நான் ஆரம்ப விலை சொல்வேன், வியாபாரிகள் ஏற்றுவார்கள், மூன்று தரம் கூறினால் முடிந்தது. எங்கள் கரையில் ஒரு கட்டு உண்டு. மேலே நல்ல மீனும் அடியில் அழுகலும் இருந்து, அதை அறியாமல் ஏலக்காரன் விலை கூறிவிட்டால், அவனே அந்தக் கடவத்தை, அந்த ஓலைக் கூடையை, எடுத்து மண்ணில் கவிழ்க்க வேண்டும். 'விலை என் கையில்' என்று சொல்ல வேண்டும். குறைகிற தொகையை அவனே கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதன்பிறகு அவன் ஏலம் கூற வரமாட்டான். யாரும் தடுப்பதில்லை, அவனாகவே வரமாட்டான். எனக்கு முன்னால் கூறிக்கொண்டிருந்த ஞானதாசன் ஒரு நாள் அப்படிக் கவிழ்த்தார். பிறகு மனைவியின் ஊருக்குப் போய் ஐஸ் உடைத்துப் பிழைத்தார் என்று கேள்வி. அவர் இடத்துக்குத்தான் நான் வந்தேன். நாற்பத்தொரு வருடத்தில் நான் ஒரு கடவத்தையும் கவிழ்த்ததில்லை. இதை ஊரே சொல்லும். நானும் சொல்லிக்கொள்வேன்.

பெனிஷ் காந்தத்தைக் கதவின் அடிப்பக்கம் வைத்து நகர்த்தினான். துரு தின்ற இடத்தைப் பசை வைத்து அடைத்திருந்தால் காந்தம் அங்கே ஒட்டாது என்று பிரிஜாவின் மூத்த மகளுக்குச் சொல்லிக்கொண்டே நகர்த்தினான். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. அவன் நம்பவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். டார்ச் வெளிச்சம் உள்ளே அங்குமிங்கும் ஓடியது.

"பாட்டா" என்று அடியிலிருந்தே கூப்பிட்டான். "கடல் எம்பிடு தூரம்?"

"முந்நூறு அடி."

"இந்த உப்புக் காத்துல பன்னெண்டு வருசமா நிக்கு. அடியில ஒரு பொட்டுத் துரு இல்ல. என்னவாக்கும் பூசினிய?"

எனக்கு முதுகு நிமிர்ந்தது. "மத்தி எண்ணெய்" என்றேன். "வருசத்துக்கு ரெண்டு தடவை. நான்தான் பூசச் சொன்னேன். வள்ளத்துக்குப் பூசுறது இதுக்கும் ஆகும்னு தெரியும்."

உண்மை. தம்பி தயங்கினான், நான்தான் கட்டாயப்படுத்தினேன். மத்தியைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைப் பழந்துணியில் நனைத்து, அடியிலும் சக்கரத்து வளைவிலும் கதவு இடுக்கிலும் பூசவைப்பேன். அவன் இறந்த பிறகும் ஆள் வைத்துப் பூசினேன். எங்கள் வீட்டு வண்டி துருப்பிடித்து நிற்பதை ஊர் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பெனிஷ் வெளியே வந்து முன்மூடியைத் திறந்தான். டார்ச்சை உள்ளே அடித்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"அக்கா, இஞ்ச வாங்க."

பிரிஜா எட்டிப் பார்த்தாள். நானும் எழுந்து போனேன். உள்ளே ஒயர் என்று சொல்ல ஒன்றுமில்லை. செம்புக் கம்பிகள் மட்டும் அம்மணமாகத் தொங்கின. மூலையில், இருக்கைப் பஞ்சை உருவிக் கட்டிய ஒரு பெரிய கூடு.

"எலி" என்றான். "மீன் வாசத்துக்கு வந்திருக்கு பாட்டா. வந்து பாத்தா மீனக் காணல்ல. ஒயரு நெத்திலி மாதிரி நீளமா கெடக்கு. விடுமா?"

பிரிஜாவின் மகள் வாய்பொத்திச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எண்ணெய் வண்டியின் உடலைக் காப்பாற்றியது; அதே எண்ணெய் அதன் நரம்பையெல்லாம் தின்னக் கொடுத்துவிட்டது. கதவு ரப்பர்கள் எண்ணெயில் ஊறிப் புடைத்து அல்வா மாதிரி இருந்தன. உள்ளே இருக்கைகளில் பஞ்சு இல்லை. ஒரு முகவிளக்கு பாதி எழுந்த நிலையில் இறுகிப்போயிருந்தது.

வீட்டு வராந்தாவில் சிஜோ போனில் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை முடித்துவிட்டு எங்களிடம் வந்தான்.

"என்ன, விலை வந்தாச்சா?"

"வந்துட்டிருக்கு" என்றான் பெனிஷ். "நான் மேல இருந்து கீழ எறங்குவேன். இதே வண்டி ஓடுற கண்டிசன்ல கொச்சியில போன வருசம் ஒம்பது லட்சம் போச்சு. அதுல இருந்து கழிச்சிட்டு வாறேன்."

நான் கீழே ஆரம்பித்து மேலே போகிறவன். அவன் மேலே ஆரம்பித்துக் கீழே வருகிறான். வண்டியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு துண்டுத்தாளில் எழுத ஆரம்பித்தான். இடப்பக்க ஸ்டியரிங்குக்கு ஒரு கழிவு. பதிவு புதுப்பிக்க ஒன்று. ஒயரிங், இருக்கை, ரப்பர், டயர். அவன் எழுதி முடிப்பதற்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"தம்பி, கொஞ்சம் கிணத்துப் பக்கம் வா" என்று அவனைத் தனியே கூட்டிப்போனேன். "நீ எவ்வளவுக்கு வருவ?"

"மூணு, மூணேகாலு."

"பதினஞ்சுன்னு எழுதிரு."

அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, கேலியும் இல்லை.

"பாட்டா, எழுத எனக்குக் கை வலிக்காது. ஆனா அந்த அக்கா நாளைக்கு இந்தத் தாளைக் கொண்டுபோயி கூரை போடுவாளா?"

நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அப்பா இஞ்ச மீன் எடுக்க வருவாரு" என்றான். "முட்டத்துல சிலுவைதாசன் சொன்னா கூடையைக் கிண்டிப் பாக்காண்டாம்னு வீட்டுல வந்து சொல்லுவாரு. நான் உங்க பேரைக் கேட்டுத்தான் இன்னைக்கு வெள்ளனே வந்தேன்."

சொல்லிவிட்டுக் கிணற்றில் நீர் இறைத்துக் கையைக் கழுவினான். மீன் எண்ணெய் வாசம் போகவில்லை. மறுபடியும் கழுவினான்.

பதினைந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 2006-ல் எங்கள் பங்குத் திருவிழாவின் கடைசி நாள், தம்பி காரை ஆசீர்வாதத்துக்காகக் கோயில் முற்றத்தில் நிறுத்தியிருந்தான். குளச்சலிலிருந்து ஐஸ் ஆலை வைத்திருக்கும் ஒருவன் வந்தான். என்னிடம் ஏதோ ஒரு ஏலத்தில் தோற்ற கோபம் அவனுக்கு இருந்தது. காரின் முன்மூடியை உள்ளங்கையால் தட்டி, "ஏலக்காரரே, இந்தத் தகரம் இரும்புக் கடையில ஒரு லட்சத்துக்குத் தேறுமா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரிக்க முயன்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்தொன்பது வருடம் பஹ்ரைனில் கப்பல் இன்ஜின் கழுவிய கை அவனுடையது. நான் கோயில் படியில் ஏறி நின்று, கரையில் கூறுகிற அதே குரலில் கூறினேன். "பதினஞ்சு லட்சம். ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம். இதுக்குக் கீழ எவனும் வாயத் தொறக்காண்டாம்." முற்றம் அடங்கிவிட்டது. ஐஸ்காரன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனான்.

அந்தக் காலத்தில் தம்பியின் வீடு பதினைந்து பெறும். அவன் அதை மனதில் வைத்துக்கொண்டான். இரண்டு வருடம் கழித்துத் தக்கலையில் உயில் பதிந்தபோது அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கூறிய விலையை என் தம்பியே அரசாங்கத் தாளில் ஏற்றியிருக்கிறான் என்று பெருமைதான் பட்டேன்.

பெனிஷ் திரும்பி வந்து, எல்லோரும் கேட்கச் சொன்னான். "மூணேகால் லட்சம். பாடி இப்பிடி நிக்கதினால அது. இல்லேன்னா ஒண்ணரைதான். கோயமுத்தூர்ல இந்த மாடலுக்கு ஆசப்படுற ஆளு ஒருத்தரு உண்டு. நம்பர் தாறேன். இதுக்குக் கீழ கேட்டா குடுக்காதீங்க அக்கா."

பிரிஜா தார்ப்பாயின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் உபதேசியாரும் சைக்கிளை நிறுத்தி நின்றார்.

சிஜோதான் முதலில் பேசினான். "அக்கா, வண்டிக்க விலை இப்பம் என்னவும் இருக்கட்டு. அப்பா எழுதினது மூணேகால் இல்ல. பெரியப்பா சொன்ன விலைப்படி சமம்னுதான் எழுதியிருக்கு."

"அதுக்கு நான் என்னடே செய்யணும்? பதினஞ்சுக்கு நீ எடுத்துக்கிடுதியா? வீட்ட எனக்குத் தா, வண்டிய நீ கொண்டு போ. சமம்தானே?"

"களியாக்காத அக்கா. நான் லோன் போட்டுப் பிளான் வரைஞ்சாச்சு. அம்மைக்கு ஆறு வருசம் நான் அனுப்பினது யாருக்குத் தெரியாது?"

"அம்மைக்க மலத்தை அள்ளினது யாருன்னும் எல்லாருக்கும் தெரியும்லே."

அவன் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினான். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்ன விலையை இந்த ஊருல எவனாவது மாத்திப் பேசியிருக்கானா? நீங்களே மாத்துவியளா?"

அவன் என்னைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டான். அதில் மரியாதையும் இருந்தது என்பதுதான் கஷ்டம். நான் 'மாத்த மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பேர் நிற்கும். உயில் நிற்கும். வேலிக்கு அப்பால் நின்ற பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், சிலுவைதாசன் சொன்னால் சொன்னதுதான் என்று நாலு வீட்டில் சொல்வார்கள்.

பிரிஜா கொட்டகைத் தூணைவிட்டு முன்னால் வந்தாள். அழவில்லை. அவள் குரலிலும் எனக்கிருந்த அதே அசதி இருந்தது.

"பெரியப்பா, எனக்கு வழக்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஒண்ணு மட்டும் கேக்கேன். அண்ணைக்குக் கோயில் முற்றத்துல நீங்க சொன்ன விலை உள்ளதா?"

"மக்கா..."

"உள்ளதுன்னா நான் இண்ணைக்கே எறங்கிப் போறேன். எங்க அப்பா அதை நம்பித்தான் எனக்கு வண்டியை எழுதினாரு. மூத்த பிள்ளைக்கு நல்லதைக் குடுத்திருக்கேன்னு சாவுற அண்ணைக்கும் சொன்னாரு. அதனாலதான் கேக்கேன்."

தம்பி அவளிடம் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது.

"நான் வண்டியைப் பாத்துச் சொல்லல்ல மக்கா" என்றேன். "கேட்டவனைப் பாத்துச் சொன்னேன்."

என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. சிஜோ "பெரியப்பா, சும்மா இரிங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "ஆளு நிக்குது."

ஆள் நிற்பதால்தான் செய்தேன். ஆள் முன்னால் கூறியதை ஆள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். வேலிக்குப் போய், வெளியே நின்ற பெண்ணிடம் காலிக் கடவம் ஒன்று கேட்டேன். அவள் என்னையும் உபதேசியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஈரம் காயாத ஒரு ஓலைக் கடவத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைக் காரின் முன்னால் மண்ணில் கவிழ்த்து வைத்தேன். குனிவதற்கு நேரமாயிற்று. ஒரு கையைக் காரின்மேல் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"விலை என் கையில்" என்றேன்.

உபதேசியார் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். பெனிஷுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பிரிஜாவின் மகளிடம் கேட்க, அவள் காதில் சொன்னாள். அவன் டார்ச்சைப் பையில் போட்டுவிட்டு விலகி நின்றான்.

"நாடகம் ஆடுதியளா?" என்றான் சிஜோ. "வீட்ட நான் விட மாட்டேன். உயிலு எனக்க பேருல."

"வீடு உனக்கதுதாம்லே. அதை யாரும் கேக்கல்ல. நீ போட்ட பிளான் போட்டபடி கட்டு" என்றேன். "குறையுறது ஏலக்காரனுக்க கை. அதுதான் கட்டு."

என் வீடு அடுத்த வளைவில் இருக்கிறது. ஐந்தரை சென்ட், ஓட்டு வீடு, முன்னால் வாசலில் கல்லில் வெட்டிய 'சிலுவைதாசன் இல்லம்' என்ற பலகை. மனைவி போய் ஒன்பது வருடம். ஒரே மகன் துறவற சபையில் சேர்ந்து வடக்கே இருக்கிறான். சொத்து அவனுக்குத் தேவையில்லை. அந்த வீட்டைப் பிரிஜா பேருக்கு இப்போதே எழுதுகிறேன் என்று சொன்னேன். நான் இறந்த பிறகு என்று சொல்லவில்லை. இறந்த பிறகு கொடுப்பது விலையை ஈடுகட்டுவது ஆகாது.

"எனக்கு உங்க வீடு வேண்டாம் பெரியப்பா" என்றாள் பிரிஜா.

"வேண்டாம்னா எங்கே போவ?"

அவள் கவிழ்ந்து கிடந்த கடவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வடக்கு அறை உங்களுக்கு. அடுக்களை எனக்கது. அதுல ஒரு வார்த்தை பேசப்படாது" என்றாள்.

"பேச மாட்டேன்."

"மத்தி எண்ணெய் வீட்டுக்குள்ள வரப்படாது."

வேலிக்கு வெளியே நின்ற பெண் சிரித்துவிட்டாள். சிஜோ போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினொரு நாளில் தக்கலை பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். சாட்சிக்கு உபதேசியாரும் பெனிஷும் வந்தார்கள். பெனிஷ் அதற்குக் கூலி வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தான். சிஜோ விடுப்பு முடிந்து போகும்போது என் வாசலுக்கு வந்தான், படியேறவில்லை. "அக்காட்ட சொல்லுங்க, அம்மைக்க கட்டிலும் அலமாரியும் அவ எடுத்துக்கிடட்டு" என்றான். அவ்வளவுதான். நானும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. அது இப்போது நான் சொல்ல வேண்டிய வீடு இல்லை.

கோயமுத்தூர்க்காரர் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்குக் கேட்டார். பிரிஜா ஐயாயிரத்தையும் விட்டுக்கொடுக்காமல் மூன்றேகாலுக்கே கொடுத்தாள். வண்டியை ஏற்றிப்போகத் தட்டையான லாரி ஒன்று வந்தது. கொட்டகையிலிருந்து சாலைவரை மணல். சக்கரம் புதைந்தது. கரையிலிருந்து எட்டுப் பேர் வந்து, வள்ளத்தைத் தள்ளுவதுபோல் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நானும் பின்னால் கை வைக்கப் போனேன். "பெரியப்பா, மாறி நில்லுங்க, கால் வழுக்கும்" என்றாள் பிரிஜா. மாறி நின்றேன். பாதி எழுந்த முகவிளக்கோடு அது லாரியில் ஏறிச் சாலை திரும்பியது. வாசம் மட்டும் இரண்டு நாள் கொட்டகையில் நின்றது.

வாசலில் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று பிரிஜாவிடம் கேட்டேன். "கிடக்கட்டு, சுவர் பேந்துபோவும்" என்றாள். காலையில் அவள் மகள்கள் பள்ளிக்கு ஓடும்போது பையைப் பலகையில் தட்டிக்கொண்டு போகிறார்கள். வடக்கு அறையில் என் கட்டிலும், சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும், மனைவியின் படமும் இருக்கின்றன. மத்தியானம் வெயில் விழும். பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன்.

போன வாரம் கரைக்கு நடந்து போனேன். தாணுலிங்கம் என்று ஒருவர், இரணியலில் கடை வைத்திருப்பவர், பழைய படகு இன்ஜின் ஒன்றை விலைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு ஊர்ச் சேதி எதுவும் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "ஏலக்காரரே, நல்ல நேரத்துல வந்திய. இது என்ன போகும், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சுற்றி நின்ற மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். நான் இன்ஜினைப் பார்த்தேன். நல்ல இன்ஜின்தான்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "மார்த்தாண்டத்துல ஒரு பையன் இருக்கான். நம்பர் தாறேன்."